வாசகர் கேள்வி–பதில்: பாஸ்கிங் சுறா ஒன்றா, பலவா?

திமிங்கிலச் சுறாவுக்கு அடுத்தபடியாக உலகின் இரண்டாவது பெரிய மீன் பாஸ்கிங் சுறா. அதன் வகைப்பாடு, மரபணுப் பல்வகைமை குறித்து வந்த கேள்விகளுக்கு எங்கள் கடலுயிரியல் குழுவின் பதில்கள் இங்கே.

கேள்வி: ‘பாஸ்கிங்’ என்றால் வெயில் காய்வது. மீனுக்கு எதற்கு வெயில்?

பதில்: வெயிலுக்காக அது மேலே வருவதில்லை, சாப்பாட்டுக்காக வருகிறது. கோப்பிபாட் எனப்படும் நுண்ணிய ஓட்டுமீன்கள் நீரின் மேல்மட்டத்தில் திரளும்போது, வாயை அகலத் திறந்துகொண்டு அந்தத் திரளுக்குள் மெதுவாக நீந்துகிறது. முதுகுத் துடுப்பும் வால் நுனியும் சில நேரம் மூக்கும் நீருக்கு மேலே தெரியும். கண்டவர்கள் வெயில் காய்கிறது என்று நினைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அறிவியல் பெயர் செட்டோரைனஸ் மாக்சிமஸ். 1765-ல் நார்வேயின் ட்ரான்ட்ஹைம் பிஷப் யோஹான் எர்ன்ஸ்ட் குன்னேருஸ் வைத்த பெயர் ஸ்குவாலஸ் மாக்சிமஸ். அன்றைக்கு ‘ஸ்குவாலஸ்’ ஒரு பெரிய கோணிப்பை. எந்தச் சுறா கிடைத்தாலும் அதற்குள் போட்டுவிடுவார்கள். 1816-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிளான்வீல் இதற்கென்று செட்டோரைனஸ் என்ற தனிப் பேரினத்தை உருவாக்கினார். பட்டியல்களில் குன்னேருஸின் பெயரையும் 1765-ஐயும் அடைப்புக்குறிக்குள் பார்த்திருப்பீர்கள். சிற்றினத்துக்குப் பெயர் வைத்தவர் அவர், பேரினம் பிறகு மாறியது என்பதற்கான அடையாளம் அந்த அடைப்புக்குறி.

கேள்வி: திமிங்கிலச் சுறா, பெருவாய்ச் சுறா, பாஸ்கிங் சுறா மூன்றும் நீரை வடிகட்டித்தான் உண்கின்றன. மூன்றும் ஒரே குடும்பம்தானே?

பதில்: இல்லை. மூன்றும் மூன்று குடும்பம். திமிங்கிலச் சுறாவுக்கு, குடும்பத்துக்கு மேலான பிரிவாகிய வரிசையே வேறு. அது கம்பளச் சுறாக்களின் வரிசையில் வருகிறது. கடலடியில் சோம்பிக் கிடக்கும் நர்ஸ் சுறாதான் அதற்குச் சொந்தக்காரர். பாஸ்கிங் சுறாவும் பெருவாய்ச் சுறாவும் லாம்னிஃபார்மிஸ் வரிசை. சுமார் 15 சிற்றினங்களே உள்ள சிறிய வரிசை அது. பெரிய வெள்ளைச் சுறா, மாக்கோ, கதிர்வால் சுறா, பூதச் சுறா எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பெருவாய்ச் சுறாவால் ஒரு குழப்பம் வந்தது உண்மை. 1976 நவம்பரில் ஹவாயின் ஓவாஹு தீவுக்கு அப்பால் முதல் மீன் சிக்கியது. 1983-ல் தனிக் குடும்பம் கொடுத்து விவரித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள், வடிகட்டும் உறுப்பு இருவருக்கும் இருப்பதால் இதைப் பாஸ்கிங் சுறாவின் குடும்பத்திலேயே சேர்க்க வேண்டும் என்று ஒரு வாதம் எழுந்தது. 1990-களில் டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டபோது அது நிற்கவில்லை. பாஸ்கிங் சுறாவுக்கு மிக நெருங்கிய உறவு லாம்னிடே குடும்பம், அதாவது வெள்ளைச் சுறா, மாக்கோ, போர்பீகிள், சால்மன் சுறா. பெருவாய்ச் சுறாவின் கிளை அதற்கு வெளியே பிரிகிறது. ஆக, வடிகட்டும் பழக்கம் சுறாக்களில் தனித்தனியாகப் பலமுறை தோன்றியிருக்கிறது.

உறுப்புகளை உற்றுப் பார்த்தாலும் இது தெரியும். பாஸ்கிங் சுறாவின் செவுள் வளைவுகளில் சீப்புப் பற்களைப் போல நீண்ட, விறைப்பான முட்கள் அடுக்கியிருக்கும். தோலிலுள்ள நுண்பற்கள் உருமாறி உண்டானவை அவை. நீரை உறிஞ்சும் ஆற்றல் அதற்குக் கிடையாது. முன்னால் நீந்தினால்தான் நீர் உள்ளே போகும். திமிங்கிலச் சுறாவுக்கு இருப்பது பஞ்சு போன்ற வடிதட்டு, அதனால் நின்ற இடத்திலேயே உறிஞ்ச முடியும். பெருவாய்ச் சுறாவுக்கு விரல் விரலாக மெத்தென்ற புடைப்புகள். வேலை ஒன்று, கருவி மூன்று.

வகைப்பாட்டுக்கு உதவும் வேறு அடையாளங்களும் உண்டு. பிறை வடிவ வால், வாலடியின் இருபுறமும் வலுவான விளிம்பு ஆகிய இரண்டும் வெள்ளைச் சுறா கூட்டத்தோடு பொதுவானவை. தலையைக் கிட்டத்தட்ட முழுவட்டமாகச் சுற்றிவரும் ஐந்து செவுள் பிளவுகள் இதற்கே உரியவை. தொலைவில் இருந்து பார்க்கும்போது நம்ப வேண்டியது செவுளைத்தான், உடல் அளவை அல்ல.

கேள்வி: பாஸ்கிங் சுறாவும் வெதுவெதுப்பான உடல் கொண்டதா?

பதில்: ஓரளவு. அயர்லாந்துக் கடலில் நீந்தும் சுறாக்களில் பொருத்திய கருவிகள், தோலுக்கு அடியிலுள்ள தசை சுற்றியுள்ள நீரைவிட 1 முதல் 1.5 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் வெப்பத்தில் இருப்பதைக் காட்டின. 2023-ல் அந்த முடிவு வெளியானது. லாம்னிடே உறவுக்கு இது பொருந்திவருகிறது. ஆனால் இதை வைத்து மட்டும் உறவு சொல்லக் கூடாது. சூரை மீனுக்கும் சூடான தசை உண்டு, அது சுறாவே அல்ல.

கேள்வி: பழைய புத்தகம் ஒன்றில் பாஸ்கிங் சுறாவில் நான்கு சிற்றினங்கள் என்று இருக்கிறது. இப்போது ஒன்றுதான் என்கிறார்கள். மூன்று எங்கே போயின?

பதில்: எங்கும் போகவில்லை. அந்தப் பெயர்கள் எல்லாம் மாக்சிமஸுக்குள் அடங்கிவிட்டன. நான்கோடு நிற்கவுமில்லை. 1822-ல் லெசூர் இதற்கு ‘யானை’ என்று பெயர் வைத்தார், ஸ்குவாலஸ் எலிஃபாஸ். 1842-ல் டீகே ‘காண்டாமிருகம்’ என்றார், ஸ்குவாலஸ் ரைனோசெரஸ். 1860-களில் இங்கிலாந்தின் கவுச் பாலிபுரோசோபஸ் என்று புதுப் பேரினமே தொடங்கினார். ஆஸ்திரேலியக் கடலுக்கு மக்காயி, தென் அட்லாண்டிக்குக்கு நார்மனி என்று 20-ஆம் நூற்றாண்டிலும் பெயர்சூட்டு விழா தொடர்ந்தது.

இத்தனை பெயர்கள் வந்ததற்குக் காரணம் மூக்கு. குட்டியின் மூக்கு நீண்டு, முன்னால் கொக்கி போல வளைந்திருக்கும். வளர வளரக் குட்டையாகி மழுங்கிவிடும். குட்டியை ஒருவரும் பெரியதை இன்னொருவரும் பார்த்தால் இரண்டு மீன்கள் என்றுதான் எழுதுவார்கள். இரண்டாவது காரணம், பல விவரிப்புகள் அழுகிய சடலத்தைப் பார்த்து எழுதியவை. 8 மீட்டர் மீனை எந்த அருங்காட்சியகமும் ஜாடியில் வைத்துக்கொள்வதில்லை. ஒப்பிட மாதிரியே இல்லாதபோது யார் சரிபார்ப்பது? மூன்றாவதாக, சில மீன்களில் செவுள் முட்களே இல்லாமல் இருந்தன. பழைய முட்கள் உதிர்ந்து புதியவை முளைக்கும் இடைவெளி அது. தனி வகையின் அடையாளம் அல்ல.

உடலளவுகளை வளர்ச்சிப் பருவத்தோடு சேர்த்துப் பார்த்தபோது கடலுக்குக் கடல் நிலையான வேறுபாடு எதுவும் நிற்கவில்லை. பிறகு வந்த டி.என்.ஏ. ஆய்வும் அதையே சொன்னது.

புதைபடிவங்களில் கதை வேறு. சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இயோசீன் கால முடிவின் பாறைகளில் இக்குடும்பத்தின் பற்களும் செவுள் முட்களும் கிடைக்கின்றன. அந்தப் பழைய உருவங்களை 2013-ல் கீசியஸ் என்ற தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். குடும்பத்தில் பல கிளைகள் இருந்திருக்கின்றன, இன்று மிஞ்சியது ஒன்று.

கேள்வி: ‘மரபணுப் பல்வகைமை மிகக் குறைவு’ என்று எழுதுகிறார்கள். எவ்வளவு குறைவு? எண்ணில் சொல்லுங்கள்.

பதில்: 2006-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றுதான் இதற்கு அடிப்படை. மேற்கு, கிழக்கு வட அட்லாண்டிக், மத்தியதரைக் கடல், இந்தியப் பெருங்கடல், மேற்கு பசிபிக் ஆகிய இடங்களின் மாதிரிகளில், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் கட்டுப்பாட்டுப் பகுதியைப் படித்தார்கள். செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் இந்த டி.என்.ஏ. சுமார் 16,670 எழுத்துகள் கொண்ட வளையம். அதில் புரதம் எதையும் குறிக்காத, அதனால் மாற்றங்கள் சேர இடமுள்ள பகுதி இது. வேறுபாடு எங்காவது தெரிந்தால் இங்கே தெரிய வேண்டும். கிடைத்தது, மாறுபடும் இடங்கள் வெறும் ஐந்து. அவற்றால் உண்டான வரிசை வகைகள், அதாவது ஹாப்லோடைப்புகள், ஆறு. நியூக்ளியோடைடு பல்வகைமை 0.0013.

0.0013 என்றால், உலகின் எந்த மூலையிலிருந்தும் இரண்டு பாஸ்கிங் சுறாக்களை எடுத்து அந்தப் பகுதியில் 1,000 எழுத்துகளை ஒப்பிட்டால் சராசரியாக 1.3 எழுத்துகள் மாறியிருக்கும். 2007-ல் வெளியான திமிங்கிலச் சுறா ஆய்வில் அதே பகுதிக்குக் கிடைத்தது 0.011, அதாவது 1,000-க்கு 11. வரிசை வகைகள் 44. உலகம் முழுக்கச் சுற்றும் இரண்டு ராட்சத மீன்கள், எட்டு மடங்கு வித்தியாசம்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள், மனதில் நிற்கும். பத்து சுறாக்கள். அ வகை 5, ஆ வகை 3, இ வகை 2 என்று வைத்துக்கொள்வோம். அ–ஆ இடையே 1 எழுத்து, ஆ–இ இடையே 1, அ–இ இடையே 2 எழுத்து வித்தியாசம். படித்த நீளம் 1,000. பத்து மீன்களில் ஜோடிகள் 45. அ–ஆ ஜோடிகள் 15, வித்தியாசம் 15. அ–இ ஜோடிகள் 10, வித்தியாசம் 20. ஆ–இ ஜோடிகள் 6, வித்தியாசம் 6. ஒரே வகை ஜோடிகளுக்குச் சுழியம். மொத்தம் 41-ஐ 45-ஆல் வகுத்தால் 0.911, அதை 1,000-ஆல் வகுத்தால் 0.00091. நியூக்ளியோடைடு பல்வகைமை அதுதான். ஹாப்லோடைப் பல்வகைமை இன்னொன்று: 1-லிருந்து 0.25, 0.09, 0.04 மூன்றையும் கழித்து, 10/9-ஆல் பெருக்கினால் 0.69. ஒன்று ‘எத்தனை எழுத்து மாறியிருக்கிறது’ என்கிறது. மற்றது ‘இரண்டு மீன்கள் வேறு வகையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு’ என்கிறது. இரண்டாவது எண் பெரிதாகவும் முதலாவது மிகச் சிறிதாகவும் இருக்கலாம். செய்திகளில் இரண்டையும் ‘பல்வகைமை’ என்று ஒரே சொல்லில் கலந்து எழுதிவிடுகிறார்கள், அங்கேதான் வாசகர் தடுமாறுகிறார்.

கேள்வி: மனிதன் வேட்டையாடியதால்தானே இந்த நிலை?

பதில்: எண்ணிக்கை குறைந்தது வேட்டையால். பல்வகைமை குறைந்ததற்கு வேட்டையைக் காரணம் சொல்ல முடியாது.

வேட்டை கொடூரமாகவே நடந்தது. அயர்லாந்தின் அக்கில் தீவில் மட்டும் 1947 முதல் 1975 வரை 12,342 சுறாக்கள் கொல்லப்பட்டன, பெரும்பாலும் ஈரல் எண்ணெய்க்காக. நார்வே படகுகள் இன்னும் பெரிய அளவில் பிடித்தன. கனடாவின் பசிபிக் கரையில், சால்மன் வலைகளைக் கெடுக்கின்றன என்று 1950-களிலும் 60-களிலும் படகின் முகப்பில் கத்தி பொருத்திச் சுறாக்களைப் பிளந்தார்கள்.

ஆனால் இந்தச் சுறாவின் ஒரு தலைமுறை சுமார் 34 ஆண்டு. அக்கில் வேட்டை தொடங்கியதிலிருந்து இன்றுவரை இரண்டு தலைமுறைக்குச் சற்றே அதிகம். இனப்பெருக்கத்துக்கு உதவும் பயனுள்ள எண்ணிக்கை 100-க்குச் சுருங்கினால்கூட, உட்கரு மரபணுக்களின் வேறுபாட்டில் ஒரு தலைமுறைக்கு 200-ல் ஒரு பங்கு, அதாவது அரை சதவீதம்தான் கரையும். இரண்டு தலைமுறையில் ஒரு சதவீதம். உலகளவில் ஆறு வகைகள் மட்டும் மிஞ்சும் நிலையை அது உண்டாக்காது. 2006 ஆய்வு சுட்டியது வேறொரு காலத்தை: ஹோலோசீனுக்குள், அதாவது கடந்த 11,700 ஆண்டுகளுக்குள், இந்த இனம் ஒரு குறுகலை, அதாவது எண்ணிக்கை மிகவும் சுருங்கிய ஒரு கட்டத்தை, கடந்திருக்கிறது.

இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுறாக்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பாலூட்டிகளுடையதைவிட ஏழெட்டு மடங்கு மெதுவாக மாறுகிறது என்று 1992-லேயே கண்டறிந்தார்கள். பழைய வேறுபாடு ஒருமுறை தொலைந்தால் புதியது சேர நெடுங்காலம் ஆகும். திமிங்கிலச் சுறாவும் சுறாதானே, அதற்கு மட்டும் எப்படி 44 என்று கேட்பீர்கள். அதனால்தான் மெதுவான மாற்றம் மட்டும் போதாது, கூடவே குறுகலும் நேர்ந்திருக்க வேண்டும் என்கிறோம்.

கேள்வி: ஓரிடத்தில் பயனுள்ள எண்ணிக்கை 8,200 என்றும் வேறோரிடத்தில் 382 என்றும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டும் சரி, இரண்டும் வேறு கேள்விகளுக்கான விடைகள். சுமார் 8,200 என்பது 2006-ல் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.விலிருந்து உலகம் முழுமைக்கும் கணித்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சராசரி நிழல் அது. 382 என்பது 2020-ல் வெளியான ஆய்வில் வடகிழக்கு அட்லாண்டிக்குக்கு மட்டும், 19 மைக்ரோசாட்டிலைட் குறியீடுகளை, அதாவது உட்கரு டி.என்.ஏ.வில் சிறு எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும் இடங்களை, கொண்டு கணித்தது. அண்மைத் தலைமுறைகளைச் சொல்வது. அதன் நம்பக எல்லை, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு, 241 முதல் 830 வரை. அந்த எல்லையைச் சேர்க்காமல் 382 என்று தனியாக எழுதுவது தவறு.

இரண்டுமே தலைகளின் எண்ணிக்கை அல்ல. எல்லோரும் சம வாய்ப்போடு இனம்பெருக்கும் ஒரு கற்பனைக் கூட்டம், உண்மைக் கூட்டத்தின் அதே வேகத்தில் வேறுபாட்டை இழக்க எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதே ‘பயனுள்ள எண்ணிக்கை’. கடலில் நீந்தும் சுறாக்கள் இதைவிட அதிகம். ‘உலகில் 382 பாஸ்கிங் சுறாக்களே மிச்சம்’ என்று யாராவது தலைப்பு போட்டால் நம்பாதீர்கள்.

கேள்வி: கடலுக்குக் கடல் வேறுபாடு இல்லையென்றால் உலகம் முழுக்க ஒரே கூட்டம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஓரிடத்தில் அழிந்தால் இன்னோர் இடத்திலிருந்து வந்து நிரப்பிவிடுமே?

பதில்: வந்த கடிதங்களில் மிக முக்கியமான கேள்வி இது. விடை, கூடாது.

சுறாக்கள் நெடுந்தொலைவு போவது உண்மைதான். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள ஐல் ஆஃப் மேன் தீவு அருகே கருவி பொருத்திய ஒன்று 9,589 கிலோமீட்டர் நீந்திக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை அடைந்தது. வழியில் 1,264 மீட்டர் ஆழம்வரை இறங்கியது. 2009-ல் வெளியான இன்னோர் ஆய்வில், அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் கருவி பொருத்தியவை வெப்பமண்டலக் கடலின் ஆழத்தில் மாதக்கணக்கில் தங்கி, நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போயின. குளிர்நீர் மீனுக்கு வெப்பக்கடல் ஒரு சுவர் என்று நம்பிக்கொண்டிருந்தோம். அது சுவருக்கு அடியில் போய்விட்டது.

ஆனால் இரண்டு கூட்டங்கள் மரபணு அளவில் பெரிதாகப் பிரியாமல் இருக்கத் தலைமுறைக்கு ஒன்றிரண்டு மீன்கள் கலந்தாலே போதும். 34 ஆண்டுக்கு ஒன்று! அழிந்த கரையை நிரப்ப அது போதாது. கனடாவின் பசிபிக் கரையில் கொலை நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அங்கே இன்றும் பாஸ்கிங் சுறாவைக் காண்பது அபூர்வம்.

கருவியின் கூர்மையும் ஒரு விஷயம். மாறுபடும் இடங்கள் ஐந்து மட்டும் உள்ள குறியீட்டால் ‘வேறுபாடு தெரியவில்லை’ என்றுதான் சொல்ல முடியும், ‘வேறுபாடு இல்லை’ என்று சொல்ல முடியாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. தந்தைவழிப் பயணம் அதில் பதிவாகாது. வெள்ளைச் சுறாவில் 2001-ல் இது பளிச்சென்று தெரிந்தது: தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா–நியூசிலாந்து கூட்டங்கள் தாய்வழி டி.என்.ஏ.வில் பிரிந்து நின்றன, உட்கரு டி.என்.ஏ.வில் பிரியவில்லை. ஒரே குறியீட்டோடு நின்றிருந்தால் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும். பாஸ்கிங் சுறாவிலும் 2020-ன் மைக்ரோசாட்டிலைட் ஆய்வு வடகிழக்கு அட்லாண்டிக்குக்குள்ளேயே பிரிவுக்கான தடயங்களைக் காட்டியது. பருவத்தின் தொடக்கத்தில் அயர்லாந்தின் தென்மேற்கே தலைகாட்டும் சுறாக்கள் தனிக் கூட்டத்திலிருந்து வருபவையாக இருக்கலாம் என்றது. சில தனிச் சுறாக்கள் வெவ்வேறு ஆண்டுகளில் அதே இடத்துக்குத் திரும்பியிருந்தன. சேர்ந்து மேலெழும் சுறாக்கள், தற்செயலாக எதிர்பார்ப்பதைவிடச் சராசரியாக நெருங்கிய உறவினராகவும் இருந்தன.

ஒரே சிற்றினம் என்பது வகைப்பாட்டின் முடிவு. ஒரே கூட்டமாகப் பாவிக்கலாமா என்பது பாதுகாப்பின் கேள்வி. முதலாவதை வைத்து இரண்டாவதற்கு விடை சொல்லக் கூடாது.

கேள்வி: ஏழெட்டு மீட்டர் சுறாவிடமிருந்து டி.என்.ஏ. எடுப்பது எப்படி? பிடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். துடைத்தால் போதும். இதன் தோலில் கரிய, நாற்றமடிக்கும் கோழை அப்பியிருக்கும். வலையில் பட்டால் வலை வீணாகிவிடும் என்று மீனவர்கள் வெறுக்கும் அதே கோழை. அதில் தோல் செல்கள் உதிர்ந்து கிடக்கும். நீண்ட கம்பின் நுனியில் சொரசொரப்பான துணியைக் கட்டி, நீருக்கு மேல் தெரியும் முதுகுத் துடுப்பில் தேய்த்து எடுக்கும் முறை 2013-லேயே வெளியிடப்பட்டது. தரை துடைக்கும் மாப் மாதிரிதான். சிரிக்க வேண்டாம், நன்றாக வேலை செய்கிறது.

படகு சுறாவின் பக்கவாட்டில், அது போகும் திசையிலேயே, அதன் வேகத்திலேயே மெல்ல நெருங்க வேண்டும். கிட்டத்தில் எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். குறுக்கே போய் மறித்தால் முழுகிவிடும். துடுப்பின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரே இழுப்பு. கரிய கறை துணியில் ஏறியிருந்தால் வெற்றி. ஒரு சுறாவுக்கு ஒரு துணி, ஒரு ஜோடிக் கையுறை. கறை படிந்த பகுதியை மட்டும் வெட்டி, 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில், துணியின் கன அளவைப்போல் பல மடங்கு திரவம் இருக்கும்படி மூழ்கடிக்க வேண்டும். கடல்நீரில் நனைந்த துணி எத்தனாலை நீர்க்க வைத்துவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அன்று மாலையே பழைய எத்தனாலைக் கொட்டிப் புதியதை ஊற்றுங்கள், பிறகு உறைபெட்டி.

மாதிரியோடு துடுப்பின் இரு பக்கமும் புகைப்படம், நேரம், இடம், உடல் நீள மதிப்பீடு தேவை. அடிப்பகுதி தெரிந்தால் இடுப்புத் துடுப்பை ஒட்டிய பற்றுறுப்புகள் இருக்கின்றனவா என்ற குறிப்பும் வேண்டும்; இருந்தால் ஆண். பிரிட்டன், அயர்லாந்து கடல்களில் இது சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிரி. அயர்லாந்து 2022-ல் சேர்த்தது. உரிமம் இல்லாமல் மாப்போடு கிளம்பினால் குற்றம்.

ஆய்வகத்தில் வரும் முதல் தொல்லை, கோழையில் உள்ள சர்க்கரைப் பொருள்கள், டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுப்பது. டி.என்.ஏ. இருந்தும், அது பெருகியதற்கு அடையாளமான பட்டை வராது. இன்னும் அதிகமாகப் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றும்; நேர்மாறாக, 10 மடங்கு நீர்க்கச் செய்து போடுங்கள். இரண்டாவது தொல்லை, டி.என்.ஏ. குறைவாக இருக்கும்போது ஒரு மைக்ரோசாட்டிலைட்டின் இரண்டு வடிவங்களில் ஒன்று மட்டும் பெருகுவது. அப்போது ஒரே சுறா இரண்டு சுறாவாகத் தெரியும். ஒவ்வொரு குறியீட்டையும் குறைந்தது மூன்று முறை தனித்தனியாக ஓட்டி, ஒத்துப்போவதை மட்டும் எடுக்க வேண்டும்.

கேள்வி: நான் முதுகலை மாணவி. பொதுத் தரவுத்தளத்தில் இருக்கும் வரிசைகளை இறக்கிப் பல்வகைமையைக் கணிக்கப் போகிறேன். எதில் கவனம் வேண்டும்?

பதில்: முதலில் எந்த மரபணு என்று பாருங்கள். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. மரபணுவின் வரிசைகள் அதிகம் கிடைக்கும், ஆனால் அவை சிற்றினத்தை அடையாளம் காணத்தான். வெவ்வேறு பெருங்கடல்களின் சுறாக்கள் அதில் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கக்கூடும். கூட்டங்களை ஒப்பிடக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போங்கள்.

அடுத்து நீளம். ஒருவர் 1,000 எழுத்தும் இன்னொருவர் 600 எழுத்தும் போட்டிருப்பார். எல்லாவற்றையும் 600-க்கு வெட்டினால் ஐந்து மாறிடங்களில் இரண்டு மூன்று வெட்டுப்பட்டுப் போகலாம், பல்வகைமை பொய்யாகக் குறையும். வெட்டுவதற்கு முன் மாறிடங்கள் எங்கே விழுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மிகப் பெரிய ஆபத்து, ஒற்றை எழுத்துப் பிழை. 44 வகை உள்ள மீனில் ஒரு பிழை 45 ஆக்கும், யாருக்கும் வலிக்காது. இங்கே அது 6-ஐ 7 ஆக்கிவிடும். ஒரே ஒரு மீனில் மட்டும் வரும் வகை எதுவானாலும் வரிசையைப் படித்த கருவி தந்த மூல மின்வரைபடத்தைப் பார்த்து, இரு திசையிலும் படித்த வரிசைகள் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்காமல் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ‘என்’ என்று குறித்த தெளிவற்ற இடங்களை மென்பொருள் வேறுபாடாக எண்ணுகிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, ஒரே வகையைப் பல மீன்கள் பகிரும்போது சிலர் அந்த வரிசையைத் தரவுத்தளத்தில் ஒருமுறை மட்டும் ஏற்றுகிறார்கள். அதை ஒரு மீன் என்று எண்ணினால் உங்கள் விகிதங்கள் எல்லாம் கவிழ்ந்துவிடும். எத்தனை மீன்கள் என்பதை மூலக் கட்டுரையின் அட்டவணையிலிருந்து எடுங்கள்.

கேள்வி: காய்ந்த துடுப்பைப் பார்த்து எந்தச் சுறா என்று சொல்ல முடியுமா?

பதில்: பார்த்து உறுதியாகச் சொல்வது கடினம். சிறு துண்டு இருந்தால் போதும், உட்கரு டி.என்.ஏ.வின் ஐ.டி.எஸ்.-2 பகுதியில் இந்தச் சுறாவுக்கு மட்டும் ஒட்டும் பிரைமர் என்ற சிறு டி.என்.ஏ. துண்டால் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். வணிகத்தில் இருந்த துடுப்புகளை இந்த வழியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2002-ல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்த பிறகு ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு கட்டாயம். ஆனால் துடுப்பு எந்தக் கடலைச் சேர்ந்தது என்று இதை வைத்துச் சொல்லச் சொல்லாதீர்கள். ஏன் என்று மேலே ஆறு வகைக் கணக்கில் பார்த்தோம்.

கேள்வி: கரையில் ஒதுங்கும் ‘கடல் பூதம்’ பெரும்பாலும் பாஸ்கிங் சுறாதான் என்கிறார்களே, எப்படி?

பதில்: அழுகும் விதத்தால். தாடையும் செவுள் வளைவுகளும் முதலில் கழன்று விழும். மிஞ்சுவது சின்ன மண்டையும் நீண்ட ‘கழுத்தும்’. முதுகெலும்பு வாலின் மேல் கிளைக்குள் மட்டுமே ஓடுவதால் கீழ்க்கிளை உதிர்ந்து, வால் கூராகிவிடும். துடுப்பின் நார்கள் பிரிந்து பிடரி மயிராகும். மார்புத் துடுப்பு, இடுப்புத் துடுப்பு, ஆணாக இருந்தால் பற்றுறுப்பு எல்லாம் சேர்ந்தால் ஆறு ‘கால்’!

1808-ல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னியில் ஸ்ட்ரான்சே தீவில் ஒதுங்கியது இப்படித்தான். 55 அடி என்றார்கள், ஹால்சிட்ரஸ் என்று புதுப் பேரினப் பெயரும் வைத்துவிட்டார்கள். முதுகெலும்புத் துண்டுகளைப் பார்த்த லண்டன் உடற்கூறியலாளர் எவரார்ட் ஹோம், பாஸ்கிங் சுறா என்று சொல்லிவிட்டார். 1977-ல் நியூசிலாந்துக்கு அப்பால் ஜப்பானியப் படகு சூய்யோ மாரு வலையில் இன்னொன்று வந்தது. நாற்றம் தாங்காமல் கடலில் தள்ளிவிட்டார்கள். நல்லவேளையாக ஒருவர் துடுப்பு நார்களை வெட்டி வைத்திருந்தார். அவற்றின் அமினோ அமில விகிதம் பாஸ்கிங் சுறாவின் துடுப்பு நாரோடு பொருந்தியது. பி.சி.ஆர். அன்றைக்கு இல்லை.

இன்று அப்படி ஒன்று ஒதுங்கினால் முதலில் வனவிலங்கு அல்லது மீன்வள அதிகாரிகளிடம் சொல்லுங்கள். அவர்கள் அனுமதித்தால், வெயில் படாத பக்கத்தில், மேல்தோலுக்கு அடியிலுள்ள வெளிறிய தசையிலோ முதுகெலும்பின் உட்புறக் குருத்தெலும்பிலோ பட்டாணி அளவு மூன்று துண்டுகள் எடுங்கள். பெரிய கட்டியாக எடுத்தால் எத்தனால் உள்ளே இறங்குவதற்குள் நடுப்பகுதி அழுகிவிடும். ஃபார்மலினில் மட்டும் போடாதீர்கள், டி.என்.ஏ. சிதைந்து படிக்க முடியாமல் போகும். புட்டிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து, எந்தக் கரை, எந்த நாள் என்பதே தெரியாமல் போய்விடும்.